ஹோண்டா ஜாஸ், இரண்டாம் தலைமுறை: மோதிய பிறகு எழுதும் விமர்சனம்

கார் விமர்சனம் எழுதுபவர்கள் மைலேஜ் சொல்வார்கள், பிக்கப் சொல்வார்கள், டிக்கியில் எத்தனை பெட்டி பிடிக்கும் என்று அடுக்கிக் காட்டுவார்கள். இடித்தால் எப்படி இருக்கும் என்று மட்டும் யாரும் எழுதுவதில்லை. அதை அறிந்தவர்களில் எழுதும் நிலையில் இருப்பவர்கள் குறைவு என்பது ஒரு காரணமாக இருக்கலாம். என் ஜாஸை நான் அந்தக் கடைசிக் கட்டம் வரைக்கும் ஓட்டிப் பார்த்துவிட்டேன். உட்கார்ந்து தட்டச்சு செய்யவும் முடிகிறது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் வண்டியைப் பற்றி. இது 2007 கடைசியில் ஜப்பானில் ஃபிட் என்ற பெயரில் வெளிவந்து, பல நாடுகளில் ஜாஸ் என்று விற்ற இரண்டாம் தலைமுறை மாடல். என்னுடையது 1.3 லிட்டர் பெட்ரோல், மேனுவல் கியர். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. எனக்குத் தொழில் செடி விற்பது. தொட்டியோடு ஆளுயரச் செடிகளை வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் கொண்டுபோய் வைத்துவிட்டு வருவேன். "வேன் வாங்கேன்" என்று எல்லோரும் சொன்னார்கள். நான் ஜாஸ் வாங்கியது பின்சீட்டுக்காக.

அந்தப் பின்சீட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மற்ற கார்களில் பெட்ரோல் டேங்க் பின்சீட்டுக்கு அடியில் இருக்கும். ஜாஸில் அதை முன்சீட்டுகளுக்குக் கீழே, வண்டியின் நடுவில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். அதனால் பின்சீட்டுக்குக் கீழே வெறும் தரைதான். உட்காரும் பலகையை மேலே தூக்கினால் அது முதுகுப் பலகையோடு ஒட்டி நின்றுவிடும். சீட்டின் காலும் மடிந்துகொள்ளும். தரையிலிருந்து கூரை வரைக்கும் திறந்த இடம் கிடைக்கும். ரப்பர் செடி, அரேகா பாம், ஃபிடில் லீஃப் எதுவானாலும் நிமிர்ந்து நின்றபடி வரும், ஒரு இலை மடங்காது. வேறு கார்களில் செடியைப் படுக்கவைத்துக் கொண்டுபோனால் மண் கொட்டும், தண்டு ஒடியும், வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். முதுகுப் பலகையை முன்னால் சாய்த்தாலோ டிக்கியிலிருந்து ஒரே சமதளம். உர மூட்டைகளுக்கு அது. இந்த இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்ய ஒரு கை போதும்.

முன்தூணுக்கும் கதவுக்கும் இடையே முக்கோணக் கண்ணாடி ஒன்று உண்டு. பெயருக்கு வைத்த துண்டு என்று முதலில் நினைத்தேன். வளைவில் திரும்பும்போது, தூணுக்குப் பின்னால் மறைந்திருக்கும் சைக்கிள்காரரைக் காட்டுவது அதுதான். ஏசி காற்று வரும் இடத்துக்கு முன்னாலேயே கப் வைக்கும் வளையம் கொடுத்திருப்பார்கள்; தண்ணீர் பாட்டில் தானாகக் குளிர்ந்துவிடும். இப்படிச் சின்னச் சின்ன விஷயங்களில் யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள் என்பது தெரியும்.

குறைகளும் உண்டு. டயர் சத்தம் உள்ளே நன்றாகக் கேட்கும். டாஷ்போர்டு பிளாஸ்டிக் தட்டினால் டொக்டொக் என்று கேட்கும் ரகம். பாரம் ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறும்போது கியரைக் குறைத்து எஞ்சினைக் கத்தவிட வேண்டும். பள்ளத்தில் இறங்கினால் அடி தட்டும். எனக்கு எதுவும் பெரிதாகத் தெரியவில்லை. அந்தப் பின்சீட்டுக்காக இதைவிட மோசமானதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன்.

சரி, விபத்துக்கு வருகிறேன்.

மழை, மாலை, நடுவில் தடுப்பு இல்லாத இருவழிச் சாலை. எதிரே வளைவில் வந்த பிக்கப் வண்டி நழுவி என் பாதைக்குள் வந்தது. பிரேக்கை முழுதாக அழுத்தினேன். சக்கரம் இறுகி வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் ஏ.பி.எஸ். காலுக்கடியில் கடகடவென்று அதிர்ந்தது. ஓரமாக ஒதுங்க ஸ்டியரிங்கைத் திருப்பியதும் நினைவிருக்கிறது. மோதிய நொடி நினைவில் இல்லை. அதில் ஆச்சரியமில்லை, கண் சிமிட்டுவதற்குள் முடிந்துபோகிற விஷயம் அது. சென்சார் மோதலை உணர்ந்து ஏர்பேக் முழுதாக விரிய ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்குகூட ஆகாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், மணல் மூட்டையால் முகத்தில் யாரோ அறைந்த மாதிரி ஒரு அடி, காதில் ஒரு ரீங்காரம், வெள்ளைப் புழுதி, வெடி வெடித்த பின் வருகிற நெடி. வண்டி பற்றி எரிகிறது என்றுதான் நினைத்தேன். அது ஏர்பேக் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கப் போடும் பவுடரும், அதை ஊதுகிற வேதிப்பொருள் எரிந்த வாடையும் என்று பிற்பாடுதான் புரிந்தது. ஏர்பேக் உடனே காற்று இறங்கித் துவண்டுவிடுகிறது. அதற்கென்றே பின்பக்கம் ஓட்டைகள் உண்டு.

பக்கத்து சீட்டில் அக்கா.

"அக்கா, காலை அசைச்சுப் பாரு."

"அசையுது. உன் மூக்கில ரத்தம்டி."

"கதவு திறக்குதா?"

திறந்தது. இந்த ஒரு சொல்லுக்கு இந்த விமர்சனத்தில் தனி மதிப்பெண் உண்டு. முன்பக்கம் பாதிக்கு மேல் காணாமல் போன காரில் பக்கத்துக் கதவு வழக்கமான சத்தத்தோடு, வழக்கமான அளவு இழுப்பில் திறந்தது. என் பக்கம் கொஞ்சம் முரண்டு பிடித்தது. வெளியிலிருந்து ஒருவர் இரண்டு கையால் இழுத்ததும் வந்துவிட்டது. பிக்கப் ஓட்டியவரும் பிழைத்துக்கொண்டார், கால் முறிவோடு.

அக்காவைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். காரில் டாஷ்போர்டின் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொள்வது அவள் பழக்கம். எத்தனை முறை சொன்னாலும் கேட்கமாட்டாள். அன்று மடியில் ஒரு பை இருந்ததால் காலைக் கீழே வைத்திருந்தாள். பயணி பக்கத்து ஏர்பேக் வெடித்துக் கிளம்புகிற மூடி, அவள் குதிகால் வைக்கிற அதே இடம். இப்போது பஸ்ஸில்கூடக் காலைச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் உட்காருகிறாள்.

எங்கள் காயங்கள்: எனக்கு மார்பெலும்பில் விரிசல், கணுக்காலில் முறிவு, மணிக்கட்டில் ஏர்பேக் உரசிய தீப்புண். அக்காவுக்குத் தோளிலிருந்து எதிர் இடுப்பு வரைக்கும் ஒரு பட்டை அகலத்துக்குக் கன்றிப்போன கோடு, முழங்காலில் வீக்கம். அன்றிரவு "எனக்கு ஒண்ணுமில்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தவள் மறுநாள் கழுத்தைத் திருப்ப முடியாமல் கிடந்தாள். அந்தப் பட்டைக் கோட்டைப் பார்த்ததும் டாக்டர்கள் அவளை உடனே விடவில்லை. பெல்ட் அழுத்திய இடத்தில் வெளியே தோல் கன்றியிருந்தால் உள்ளே குடலிலோ மண்ணீரலிலோ அடி பட்டிருக்கலாம், அது சில மணி நேரம் கழித்துக்கூட வெளிப்படலாம் என்று வயிற்றை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். நல்லவேளையாக எதுவும் இல்லை. விபத்தில் "நடந்து வந்துட்டேன், வீட்டுக்குப் போறேன்" என்று கிளம்புபவர்களைப் பிடித்து உட்காரவைக்க வேண்டும்.

இனி வண்டியின் பாகங்கள் என்ன செய்தன என்று பார்க்கலாம். சேத வண்டிகளைப் போட்டுவைக்கும் யார்டுக்கு, சாமான்களை எடுக்க ஊன்றுகோலோடு போனேன். அங்கே சாவகாசமாகப் பார்த்தேன். யார்டுக்காரர் என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏம்மா, இதுல இருந்தா இறங்கி வந்தீங்க? இப்ப வர்ற வண்டியெல்லாம் தகரம்மா. பழைய காலத்து வண்டியா இருந்தா பம்பர் மட்டும்தான் போயிருக்கும்."

இந்தப் பேச்சு எல்லா ஊரிலும் எல்லா யார்டிலும் கேட்கும் பேச்சுதான். 2009-ல் அமெரிக்காவில் ஐ.ஐ.எச்.எஸ். என்ற, இன்சூரன்ஸ் கம்பெனிகள் சேர்ந்து நடத்தும் சாலைப் பாதுகாப்பு அமைப்பு தன் ஐம்பதாம் ஆண்டை ஒட்டி ஒரு சோதனை செய்தது. 1959-ம் ஆண்டு செவர்லே பெல் ஏர் ஒன்றையும் 2009-ம் ஆண்டு செவர்லே மாலிபு ஒன்றையும் நேருக்கு நேர் மோதவிட்டார்கள். கனத்த இரும்பாலான பழைய கார் உட்காரும் இடத்தோடு சேர்ந்து நசுங்கியது. அதில் வைத்திருந்த பொம்மை மனிதராக இருந்திருந்தால் பிழைத்திருக்க முடியாது. புதிய காரின் பொம்மைக்குக் காலில் சின்ன அடி. அந்த வீடியோ இணையத்தில் இருக்கிறது. யார்டுக்காரருக்கு என் போனிலேயே போட்டுக் காட்டினேன். "இது ஏதோ செட்டப்பும்மா" என்று சொல்லிவிட்டார். போகட்டும்.

என் ஜாஸில் பம்பர், ரேடியேட்டர், முன் சட்டங்கள் எல்லாம் ஆர்மோனியத் துருத்தி மடிப்பாக மடிந்து, எஞ்சின் ஒரு பக்கம் கீழே இறங்கியிருந்தது. மடிய வேண்டும் என்றே வடிவமைத்த பகுதி அது. இரும்பை மடிக்கச் செலவாகும் சக்தி, உள்ளே இருக்கிற ஆளின் விலா எலும்பை ஒடிக்க மிச்சம் இருக்காது. முன்பக்கம் மடியவும் உட்காரும் கூடு விறைப்பாக நிற்கவும் வேண்டும் என்ற இந்த யோசனைக்கு பேலா பாரெனி என்ற பொறியாளர் 1950-களின் தொடக்கத்திலேயே காப்புரிமை பெற்றுவிட்டார். மெர்சிடிஸில் வேலை பார்த்தவர். என் வண்டியில் அந்தக் கூடு அநேகமாக அப்படியே இருந்தது. கூரை வளையவில்லை, தூண் அசையவில்லை. பிரேக் பெடலுக்குக் கீழே தரைத்தகடு மட்டும் உள்ளே பிதுங்கியிருந்தது. என் கணுக்கால் போனது அங்கேதான்.

முன்சீட்டுக்குக் கீழே டேங்க் என்றதும் வாங்கும்போது பயமுறுத்தியவர்கள் உண்டு, "குண்டு மேல உட்கார்ந்து போறே" என்று. குனிந்து பார்த்தேன். ஒரு சொட்டுக் கசிவு இல்லை. முன்னால் இடித்தாலும் பின்னால் இடித்தாலும் எட்டாத நடு இடம் என்பதை யோசித்தால் அது நல்ல இடம்தான்.

எனக்கு அந்த வண்டியில் மிகவும் பிடித்துப்போன பொருள் என்று இப்போது கேட்டால் சீட் பெல்ட்டைச் சொல்வேன். ஓட்டும் காலமெல்லாம் அதைக் கவனித்ததே இல்லை. யார்டில் அது பாதி இழுபட்டபடி, உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் தொங்கிக்கொண்டிருந்தது. மோதியவுடன் சின்ன வெடிமருந்து ஒன்று வெடித்து, பெல்ட்டில் இருக்கும் தளர்வைச் சுண்டி இழுத்துவிடும். அதற்குப் பெயர் ப்ரீடென்ஷனர். அப்புறம், உடம்பு முன்னால் பாயும்போது இழுப்பு ஒரு அளவைத் தாண்டினால், உள்ளே இருக்கும் கம்பி முறுக்கிக்கொண்டே பெல்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும். இல்லாவிட்டால் அந்தப் பட்டையே நெஞ்சை உடைத்துவிடும். தோளுக்கு மேலே பெல்ட் வளைந்து வருகிற வளையத்தின் பக்கத்தில் துணியைத் திருப்பிப் பார்த்தேன். விரல் அகலத்துக்கு நெசவு உருகி, மினுமினுவென்று கண்ணாடி போல இறுகியிருந்தது. என் எடை அந்த வளையத்தில் உரசிய சூட்டில் உருகியது. நகத்தால் சுரண்டினேன், பெயரவில்லை. இந்த மூன்றுமுனை பெல்ட்டை 1959-ல் நில்ஸ் போலின் வால்வோவில் வடிவமைத்தார். காப்புரிமை இருந்தும் யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று அந்த நிறுவனம் விட்டுக்கொடுத்தது. என் ஜாஸின் விமர்சனத்தில் இன்னொரு கம்பெனியைப் பாராட்ட வேண்டியிருக்கிறது.

பின்னால் இரண்டு பெரிய தொட்டிகள் இருந்தன. பலகையைத் தூக்கி, முன்சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் நடுவே தரையில் இறுக்கமாக வைத்திருந்ததால் முன்சீட்டு முதுகில் சாய்ந்து நின்றுவிட்டன. மண் மட்டும் கூரையில், மீட்டரில், அக்கா தலையில். டிக்கித் தட்டில் சும்மா கிடந்த செடி வெட்டும் கத்தரியோ முன்கண்ணாடிக்கு அருகே கிடந்தது, எங்கள் இரண்டு தலைகளுக்கும் நடுவாகப் பறந்து வந்திருக்க வேண்டும். அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் வயிற்றைப் பிசைகிறது.

ஏர்பேக் பற்றி ஒரு பழைய கதை. டகாட்டா என்ற ஜப்பானிய நிறுவனம் செய்த ஏர்பேக் ஊதிகளில் அம்மோனியம் நைட்ரேட் போட்டிருந்தார்கள். பல ஆண்டு வெப்பமும் ஈரப்பதமும் பட்டால் அது கெட்டு, விரிய வேண்டிய நேரத்தில் உலோகக் கூடே வெடித்துச் சில்லுகளை ஓட்டுநர் மேல் வீசியது. உயிர்கள் போயின. அமெரிக்காவில் மட்டும் சுமார் 6.7 கோடி ஊதிகள் ரீகாலில், அதாவது கம்பெனியே திருப்பிக் கூப்பிட்டு மாற்றிக் கொடுக்கும் பட்டியலில் வந்தன. டகாட்டா 2017-ல் திவாலானது. ஹோண்டா கார்கள் அதில் ஏராளம், என் தலைமுறை ஜாஸும் சேர்த்து. எனக்கு ரீகால் கடிதம் வந்தபோது செடி சீசன். ஆனாலும் அக்கா நச்சரித்து அனுப்பினாள். இலவசமாக மாற்றிக் கொடுத்தார்கள். விரிந்த ஏர்பேக்கை யார்டில் கையில் பிடித்துப் பார்க்கும்போது அந்தக் கடிதம்தான் ஞாபகம் வந்தது.

உயிர் பிழைத்ததால் இந்த வண்டிக்குக் கோயில் கட்டப் போவதில்லை. ஐரோப்பாவில் கார்களை மோதவிட்டுப் பாதுகாப்புக்கு நட்சத்திரம் போடும் யூரோ என்கேப் சோதனையில் ஜாஸ் 2009-ல் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. அதே ஆண்டு ஐ.ஐ.எச்.எஸ். இதே ஃபிட்டை அதே கம்பெனியின் பெரிய காரான அக்கார்டோடு, இரண்டும் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் வர, மோதவிட்டபோது ஃபிட் வாங்கியது கடைசித் தரம். எடையில் பெரிய வித்தியாசம் இருந்தால் சின்ன கார்தான் அதிகம் அடி வாங்கும். நட்சத்திரம் அதை மாற்றாது. 2014-ல் முடிவு வெளிவந்த இன்னொரு சோதனையில், முன்பக்கத்தின் கால்வாசி அகலம் மட்டும் இடிபட்டால் என்ன ஆகும் என்று பார்த்தார்கள். அதிலும் என் தலைமுறை ஃபிட்டுக்குக் கடைசித் தரம். ஓரமாக இடித்தால் முன்சட்டத்தில் படாமல் சக்கரம் நேரே காலை நோக்கி வரும். எங்களுக்கு முன்பக்கத்தில் கிட்டத்தட்ட பாதி மோதியது, சட்டம் தன் வேலையைச் செய்தது. பிக்கப் இன்னும் இரண்டடி தள்ளி வந்திருந்தால் இதை வேறு யாராவது எழுத வேண்டியிருந்திருக்கும். வேகமும் அப்படித்தான். 60-ல் இடிப்பதைவிட 80-ல் இடித்தால் சக்தி முக்கால் மடங்குக்கும் மேல் கூடுதல். அந்தக் கூடுதலை மடித்து வைக்க முன்பக்கத்தில் இடமில்லை.

இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தார். இளைஞர், மரியாதையானவர். எஞ்சின் பக்கம் போகவே இல்லை. ஏர்பேக் இரண்டு, பெல்ட் இரண்டு, டாஷ்போர்டு, ஏர்பேக் கம்ப்யூட்டர் என்று எண்ணிவிட்டு, "மேடம், இதோட முடிஞ்சுபோச்சு, மீதியைப் பார்க்கவே வேண்டாம். டோட்டல் லாஸ்" என்றார். வெடித்த பாகம் ஒவ்வொன்றும் புதிதாக மாற்ற வேண்டியது. வயதான காரின் மதிப்பை அதுவே தாண்டிவிடும். கணக்கு சரிதான். ஆனால் அவர்கள் போட்ட மதிப்பு, இதே நிலையில் இன்னொரு ஜாஸ் வாங்கப் போதாது. சர்வீஸ் ரசீதுகளையும், விற்பனைக்கு வந்திருந்த இதே மாடல் வண்டிகளின் விலையையும் எடுத்துக் காட்டிய பிறகு கொஞ்சம் ஏற்றினார்கள். ரசீதுகளைத் தூக்கிப்போடாதீர்கள்.

வண்டியைக் காலி செய்தது நான் நினைத்ததைவிடக் கஷ்டமாக இருந்தது. கிளவ் பாக்ஸில் வாடிக்கையாளர்கள் எழுதிக்கொடுத்த வழிகள், டார்ச், பழைய மூக்குக்கண்ணாடி. பின்சீட்டை ஒருமுறை தூக்கிப் பார்த்தேன். முன்பக்கம் அந்தக் கோலத்தில் இருக்க, பின்சீட்டு புதிது போல மடங்கி நின்றது. அங்கேதான் அழுகை வந்தது. யார்டுக்காரர் மரியாதையாக வேறு பக்கம் போய் யாரையோ திட்ட ஆரம்பித்தார்.

என் மதிப்பெண்: இடவசதிக்கு ஐந்துக்கு ஐந்து. ஓட்டுவதற்கு மூன்றரை. சத்தத்துக்கு இரண்டு. மோதலுக்கு நான்கு; என் கணுக்காலுக்காகவும் அந்த ஓர மோதல் சோதனைக்காகவும் ஒன்றைக் குறைத்துக்கொள்கிறேன்.

மறுபடி ஜாஸ்தானா என்று கேட்கிறார்கள். 2020-ல் வந்த நான்காம் தலைமுறையைப் போய்ப் பார்த்தோம். முன்சீட்டு இரண்டுக்கும் நடுவே விரிகிற ஏர்பேக் ஒன்று சேர்த்திருக்கிறார்கள், பக்கவாட்டில் இடித்தால் முன்னால் இருப்பவர்களின் தலைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாமல் இருக்க. முன்தூணையும் மெலிதாக்கிவிட்டார்கள், இன்னும் நன்றாகத் தெரிகிறது. விற்பனையாளர் மைலேஜிலிருந்து ஆரம்பித்தார். பின்சீட்டைத் தூக்கிக் காட்டுங்கள் என்றேன். அது தூக்க வரும் என்பதே அவருக்குத் தெரியவில்லை. அக்காதான் தூக்கிக் காட்டினாள். விலை எனக்கு எட்டாது. அதனால் பழையதில் மூன்றாம் தலைமுறை தேடிக்கொண்டிருக்கிறேன். விற்பவர்களிடம் முதலில் சேஸிஸ் எண் கேட்கிறேன், ரீகால் வேலை பாக்கி இருக்கிறதா என்று பார்க்க. அப்புறம், சாவியைத் திருப்பியதும் மீட்டரில் ஏர்பேக் விளக்கு எரிந்து அணைகிறதா என்று பார்க்கிறேன். எரியவே இல்லை என்றால் எங்கோ ஒருமுறை ஏர்பேக் வெடித்து, மாற்றாமல் பல்பை மட்டும் பிடுங்கியிருக்கிறார்கள் என்று சந்தேகப்பட வேண்டும். பெல்ட்டைக் கடைசி வரைக்கும் வெளியே இழுத்து, தோள் வளையத்தின் பக்கம் துணி எங்காவது உருகி மினுக்குகிறதா என்றும் தடவிப் பார்க்கிறேன். நேற்றுப் பார்த்த வண்டிக்காரர், "என்ன மேடம், துணிக்கடையில பார்க்கிற மாதிரி பார்க்கிறீங்க" என்றார். அந்த வண்டியில் விளக்கு எரியவில்லை.